எல்லாருக்கும் 20: வார்டில் செவிலியரின் கணிப்பு எங்கே வேலை செய்கிறது, எங்கே நின்றுபோகிறது

ஒப்பந்தச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுச் சாலைக்கு வரும்போதும், மருத்துவமனைகளில் ஆள் போதவில்லை என்ற செய்தி வெளியாகும்போதும், படிக்கிறவர்கள் மனத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு. நோயைக் கண்டுபிடிப்பவர் டாக்டர். மருந்தை எழுதுபவரும் அவரே. செவிலியர் அதை நேரத்துக்குக் கொடுக்கிறார். அப்படியிருக்க, செவிலியர் எண்ணிக்கை குறைந்தால் வேலை தாமதமாகும் என்பது புரிகிறது. உயிர் போகும் என்று எப்படிச் சொல்கிறார்கள்? கேள்வியில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படுவது ஊசியும் டிரிப்பும்தான். அவற்றுக்கு நடுவே ஓடும் யோசனை கண்ணில் படுவதில்லை. அந்த யோசனை எப்படிப்பட்டது, எந்த நிலைமையில் அது வேலை செய்யாமல் போகிறது என்பதை ஒரு காய்ச்சல் வார்டை வைத்து இங்கே விளக்கலாம்.

1. சொன்னதைச் செய்வதும் சொல்லாததைக் கவனிப்பதும்

தமிழ்நாட்டில் செவிலியராவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன: 3 ஆண்டு ஜி.என்.எம். பட்டயப் படிப்பு, 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் பட்டப் படிப்பு. எதை முடித்தாலும் மாநிலச் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தாக வேண்டும். இந்தப் பதிவு முறைக்கு 1926-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் அடிப்படை. நாடு முழுமைக்குமான இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-இல் வந்தது. அதற்கு மாற்றாகத் தேசிய அளவில் ஓர் ஆணையத்தை அமைக்கும் சட்டம் 2023-இல் நிறைவேறியது. பதிவு என்பது வெறும் சான்றிதழ் விவகாரம் அல்ல. தன் கையால் போகும் மருந்துக்குத் தானும் பொறுப்பு என்பது அதில் அடங்கியிருக்கிறது. "டாக்டர் எழுதியிருந்தார்" என்பது தவறான மருந்தைக் கொடுத்தவருக்கு முழு விடையாகாது.

செவிலியர் செய்யும் வேலையை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

(1) டாக்டர் எழுதியதை நிறைவேற்றுவது: ஊசி, மாத்திரை, டிரிப், பரிசோதனைக்கு இரத்தம் எடுத்து அனுப்புவது.

(2) யாரும் எழுதித் தராமல் தாமே செய்வது: படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் படுக்க வைப்பது, விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு உணவு தரச் சொல்வது, கேனுலா (டிரிப்பும் ஊசியும் செலுத்த இரத்தக் குழாயில் பொருத்தும் சிறு குழல்) போட்ட இடம் வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது.

(3) நோயாளியின் நிலை மாறுகிறதா என்று கவனித்து, எப்போது டாக்டரை அழைப்பது என்று முடிவு செய்வது.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். பார்த்ததை வைத்து அடுத்து என்ன நடக்கக்கூடும் என்று எடைபோட்டு, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பதையே இங்கே கணிப்பு என்கிறோம். ரவுண்ட்ஸின்போது டாக்டர் ஒரு படுக்கையருகே நிற்பது சில நிமிடங்கள். நாளின் மற்ற நேரமெல்லாம் அந்த நோயாளியின் உடலில் என்ன நடக்கிறது என்பது செவிலியர் பார்த்தால் உண்டு, பார்க்காவிட்டால் இல்லை.

2. ஐந்து அளவுகளும் அவற்றில் நம்ப முடியாத ஒன்றும்

எந்த வார்டிலும் அன்றாடம் எடுக்கப்படும் அளவுகள் ஐந்து: உடல் சூடு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற கணக்கு. முதல் நான்கையும் கருவி சொல்லிவிடும். மூச்சை மட்டும் மனிதக் கண்தான், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். தன் மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் எவருக்கும் அது மாறிவிடும் என்பதால், நாடி பிடித்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல் பிடித்தபடி, நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை ஓரக்கண்ணால் எண்ணுவது மாணவப் பருவத்திலேயே சொல்லித் தரப்படும் உத்தி.

ஆனால் நெருக்கடியான வார்டுகளில் கேஸ் ஷீட்டின் அந்தப் பத்தியைப் புரட்டினால், பெரும்பாலும் 18 அல்லது 20 என்றே வரிசையாக எழுதியிருக்கும். நாற்பது பேரும் ஒரே வேகத்தில் மூச்சுவிட வழியில்லை. எண்ணவில்லை, எழுதியிருக்கிறார்கள். இது இந்தியாவுக்கு மட்டும் உரிய குறை அல்ல. வசதி மிகுந்த நாடுகளின் மருத்துவமனைகளிலும் மிகவும் அலட்சியமாகப் பதிவாகும் அளவு மூச்சுதான். வேடிக்கை என்னவென்றால், உடல் உள்ளுக்குள் தடுமாறும்போது பல சமயங்களில் முதலில் மாறுவதும் மூச்சே. இரத்த ஓட்டம் குறைந்து திசுக்களில் அமிலம் சேரும்போது, அதை வெளியேற்ற உடல் மூச்சை வேகப்படுத்துகிறது; இரத்த அழுத்தம் விழுவது அதற்குப் பிந்தைய கட்டம்.

3. மதிப்பெண் முறை: உதவியும் எல்லையும்

பல அளவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க, இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் ஒரு முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை வெளியிட்டு, 2017-இல் திருத்தியது. நியூஸ்-2 என்று அழைக்கப்படும் இந்த முறையில் மூச்சு, ஆக்சிஜன் அளவு, செயற்கையாக ஆக்சிஜன் தரப்படுகிறதா என்பது, மேல் இரத்த அழுத்தம், நாடி, நினைவு நிலை, உடல் சூடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் இயல்பிலிருந்து விலகும் அளவுக்கு ஏற்ப மதிப்பெண் உண்டு. மூச்சு 12 முதல் 20 வரை என்றால் 0. 21 முதல் 24 வரை 2. 25-உம் அதற்கு மேலும் 3. கூட்டுத்தொகை 5 ஆனால் டாக்டர் உடனே வந்து பார்க்க வேண்டும். 7-க்குப் போனால் அவசர நிலை. 4 வரை குறைந்த ஆபத்து என்று கொண்டு, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை அளவெடுத்தால் போதும்; ஏதாவது ஓர் அளவுக்கு மட்டும் 3 வந்திருந்தால் அதைத் தனியே கவனிக்க வேண்டும்.

அனுபவம் குறைந்தவருக்கும் இது துணிவு தரும் கருவி. "எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை" என்று தயங்குகிறவர் "மதிப்பெண் 6" என்று சொல்லிவிடலாம். ஆனால் கருவிக்கு எது தெரியும், எது தெரியாது என்று அறிந்தவர் கையில்தான் அது பயன்படும். இதைப் பார்க்க டெங்குவை விடத் தெளிவான உதாரணம் கிடையாது.

4. காய்ச்சல் விட்ட இரவு

டெங்குவில் குடும்பத்தார் நிம்மதியடையும் நேரமும் செவிலியர் விழித்துக்கொள்ள வேண்டிய நேரமும் ஒன்றாகவே வருகின்றன. காய்ச்சல் தொடங்கிய 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள் சூடு இறங்குகிறது. அந்தச் சமயத்தில்தான் சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் கசிந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் சேரத் தொடங்குகிறது. இந்த ஆபத்துக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். உறவினர்கள் "பிளேட்லெட் எவ்வளவு?" என்று கேட்டபடி பப்பாளி இலைச் சாற்றுடன் நிற்பார்கள். டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள் குறைவது அல்ல, கவனிக்கப்படாத இந்தக் கசிவே.

விளக்கத்துக்காக அமைத்த ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 19 வயது மாணவர், எடை 50 கிலோ, காய்ச்சலின் 5-ஆம் நாள், மதியம் முதல் சூடு இல்லை. மாலை 6 மணிக்கு இரத்த அழுத்தம் 112/70, நாடி 92. இரவு 10 மணிக்கு 106/76, நாடி 98. அதிகாலை 2 மணிக்கு 100/80, நாடி 104. ஆக்சிஜன் 97, சூடு இயல்பு, கேட்டால் பதில் சொல்கிறார். மூச்சுப் பத்தியில் வழக்கம்போல் 20.

நியூஸ்-2 கணக்குப்படி, அதிகாலை 2 மணி அளவுகளில் மேல் அழுத்தத்துக்கு 2, நாடிக்கு 1, ஆக மொத்தம் 3. குறைந்த ஆபத்து, அடுத்த அளவு காலை 6 மணிக்கு எடுக்கலாம்.

இதே எண்களைத் தேர்ந்த செவிலியர் வேறு விதமாகப் படிப்பார். மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம் 42-இலிருந்து 30 ஆகி, இப்போது 20-இல் நிற்கிறது. நீர் கசியும்போது உடல் கை கால்களின் இரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கப் பார்க்கிறது. அந்த இறுக்கம்தான் கீழ் எண்ணை உயர்த்துகிறது. குழந்தைகளுக்கு இந்த வித்தியாசம் 20-க்கு வந்தாலே அதிர்ச்சி நிலை (ஷாக், அதாவது உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத நிலை) என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. பெரியவர்களுக்கு அது 20-க்கு வருவது இன்னும் கடுமையான அதிர்ச்சியைக் காட்டலாம் என்றும் சொல்கிறது. ஆனால் நியூஸ்-2 கீழ் அழுத்தத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. எந்த நோயானாலும் பொதுவாகப் பயன்பட வேண்டும் என்று உருவான முறை அது, டெங்குவுக்கென்று செய்ததல்ல.

எண்ணைத் தாண்டி அவர் அடுத்து தேடுவது கையில் இருக்கிறது. உள்ளங்கை சில்லிட்டிருக்கிறதா? நகத்தை 5 விநாடி அழுத்தி விட்டால் நிறம் 2 விநாடிக்குள் திரும்புகிறதா? சிறுநீர் எவ்வளவு? கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்பது குறைந்தபட்சக் கணக்கு. 50 கிலோ எடைக்கு 4 மணி நேரத்தில் 100 மில்லியாவது வந்திருக்க வேண்டும். 60 மில்லிதான் என்றால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். வயிறு வலிக்கிறது என்கிறாரா? அம்மா "தூங்குறான், நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று சொல்வது உண்மையிலேயே தூக்கமா, சோர்ந்து கிடப்பதா?

இன்னொன்று. அந்த 20-ஐ யாராவது ஒரு நிமிடம் நின்று எண்ணி, அது 24 என்று கண்டிருந்தால், மதிப்பெண்ணில் 2 கூடி மொத்தம் 5 ஆகியிருக்கும். கீழ் அழுத்தத்தைப் பார்க்கத் தெரியாத அதே முறைகூட டாக்டரை அழைக்கச் சொல்லியிருக்கும்.

கதை அதோடு முடிவதில்லை. கசிவு நின்ற பிறகு வெளியே போன நீர் இரத்தக் குழாய்க்குத் திரும்பி வரும். முந்தைய நாள் உயிரைக் காத்த டிரிப்பை அதே வேகத்தில் விட்டுக்கொண்டிருந்தால், இப்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். சிறுநீர் தாராளமாக வருகிறது, கை கதகதப்பாகிவிட்டது, ஆனால் மூச்சு வேகமாகிறது என்பதைப் பார்த்து "சார், டிரிப்பைக் குறைக்கலாமா?" என்று கேட்பதும் அதே கணிப்புதான்.

5. மருந்து அலமாரியில்

சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்து சரிபார்ப்புகளை எல்லாச் செவிலியரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். சிக்கல் வருவது அந்த ஐந்துக்கும் இடையே. இந்தியாவில் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட் செறிவில் கிடைக்கின்றன. இன்சுலின் பேனாவில் பொருத்தும் குழல்களில் மில்லிக்கு 100 யூனிட் இருக்கிறது. 40-க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் செறிவுள்ள மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 50 யூனிட். மருந்துச் சீட்டில் பிழையில்லை, நோயாளி சரி, நேரம் சரி. ஆனாலும் இரண்டரை மடங்கு மருந்து போய்விட்டது.

மருந்தைக் கொடுக்காமல் இருக்கத் தெரிவதும் இந்த அறிவில் சேர்த்தி. காலை 8 மணிக்கு இன்சுலின் என்று எழுதியிருக்கிறது; நோயாளி வாந்தியெடுத்துக்கொண்டு இட்லியைத் தொடாமல் இருக்கிறார். எழுதியபடி போட்டால் சிறிது நேரத்தில் சர்க்கரை இறங்கி வியர்த்து மயங்கக்கூடும். இதய வேகத்தைக் குறைக்கும் மாத்திரையைக் கையில் எடுத்தவர், நாடி 48 என்று கண்டால் மாத்திரையை வைத்துவிட்டு போனை எடுக்க வேண்டும். 10 மில்லி பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை கரைக்காமல் நேராக இரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும் என்பதால், பல மருத்துவமனைகள் அதை மற்ற மருந்துகளோடு ஒரே தட்டில் வைப்பதில்லை.

6. கறுத்த தோலும் வெள்ளைத் தோல் பாடமும்

பாடநூல்கள் படுக்கைப் புண்ணின் முதல் நிலையை "அழுத்தினாலும் மறையாத சிவப்பு" என்று விவரிக்கின்றன. நம்மில் பலருடைய தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. முதுகின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் விரல் வைத்து, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கல் போலக் கட்டியிருக்கிறதா, நிறம் சற்றே கூடுதலாகக் கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்து உடல் நீலம் பாரிப்பதும் அப்படியே. முகத்தில் தேடினால் கிடைக்காது, நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் பார்க்க வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் இதற்கு விலக்கல்ல. அது ஒளியைத் தோலின் வழியே செலுத்தி அளக்கிறது. தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும். 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். இந்த எண்களை அப்படியே நம் வார்டுக்குக் கொண்டுவருவது சரியாகாது. ஆனாலும், கருவி 94 காட்டும்போது எதிரே இருப்பவர் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் திணறினால், திணறலைத்தான் நம்ப வேண்டும்.

7. பார்த்ததைச் சொல்வது

கணிப்பு சரியாக இருந்தும் வீணாவது பெரும்பாலும் தொலைபேசியில். மேலே பார்த்த 19 வயது மாணவர் 14-ஆம் படுக்கையில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், அதிகாலை 2 மணிக்குச் செவிலியருக்கும் டாக்டருக்கும் நடக்கக்கூடிய ஓர் உரையாடல்:

"சார், ஃபீவர் வார்டுல 14-ஆம் பெட் பையன் ஒரு மாதிரி டல்லா இருக்கான் சார்."

"பி.பி. எவ்வளவு சிஸ்டர்?"

"100 சார்."

"சரி, டிரிப் ஓடட்டும். காலையில பாக்கலாம்."

இதே செய்தியை இப்படியும் சொல்லலாம்: "சார், 14-ஆம் பெட், 19 வயசு, டெங்கு அஞ்சாம் நாள், மதியத்துல இருந்து காய்ச்சல் இல்ல. பத்து மணிக்கு பி.பி. 106-க்கு 76, இப்ப 100-க்கு 80. கை சில்லுன்னு இருக்கு, நாலு மணி நேரத்துல யூரின் 60 மில்லிதான். ஷாக்குக்குப் போறான்னு நினைக்கிறேன். இப்பவே வந்து பாருங்க சார்."

நிலைமை, பின்னணி, தன் மதிப்பீடு, வேண்டுகோள் என்ற இந்த நான்கு படி முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றி மருத்துவமனைகளுக்கு வந்தது. நம் வார்டுகளில் மூன்றாவது படிதான் கடினம். "ஷாக் என்று நினைக்கிறேன்" என்று செவிலியர் சொன்னால், "டயக்னோசிஸ் நீங்க பண்ணாதீங்க" என்ற பதில் வரும் இடங்கள் இருக்கின்றன. ஒருமுறை அந்தப் பதிலைக் கேட்டவர் அடுத்த முறை "டல்லா இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

எண்ணால் சொல்ல முடியாத கவலைக்கும் மருத்துவ மதிப்பு உண்டு என்று ஏற்ற இடங்களும் உள்ளன. செவிலியரின் கவலையையே ஓர் அளவுகோலாக்க நெதர்லாந்தில் உருவான பட்டியலில் மூச்சின் மாற்றம், நடுக்கம், குழப்பம், அமைதியின்மை, எதிர்பார்த்தபடி தேறாமை ஆகியவற்றோடு, "தனக்கு என்னவோ செய்கிறது என்று நோயாளியே சொல்வது" என்பதும் இடம்பெற்றிருக்கிறது.

8. எத்தனை பேருக்கு ஒருவர்: எண்ணிக்கையில் உள்ள குழப்பம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. 9 ஐரோப்பிய நாடுகளில் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்விலும் ஏறத்தாழ அதே அளவு தெரிந்தது. இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். காரணத்தை இவை மட்டும் நிறுவிவிடாது. ஆனால் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-இல் பகலில் 4 பேருக்கு ஒருவர், இரவில் 7 பேருக்கு ஒருவர் என்று சட்டம் கொண்டுவந்த பிறகு, அதை நடைமுறைப்படுத்திய மருத்துவமனைகளை மற்றவற்றோடு ஒப்பிட்ட ஆய்வு சந்தேகத்தைப் பெருமளவு குறைத்துவிட்டது.

நம் செய்திகளில் குழப்பம் வருவது இங்கேதான். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு "3 படுக்கைக்கு ஒருவர்". கலிபோர்னியாவில் 2005 முதல் பொது வார்டில் 5 பேருக்கு ஒருவர் என்பதோடு ஒப்பிட்டு, நம் விதி அதைவிடத் தாராளமானது என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். கலிபோர்னியாவின் எண் எந்த நேரத்திலும் வார்டில் நிற்க வேண்டியவரைக் குறிப்பது. நம் எண் மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து இருக்க வேண்டிய மொத்தப் பணியிடங்களைக் குறிப்பது. ஒரு ஷிஃப்டுக்கு என்று பார்த்தால் 9 பேருக்கு ஒருவர். இடங்கள் காலியாக இருந்தால் அதுவும் கிடையாது.

இதை 40 படுக்கை உள்ள காய்ச்சல் வார்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். நாடிக்கு ஒரு நிமிடம், மூச்சுக்கு ஒரு நிமிடம், அழுத்தம், சூடு, ஆக்சிஜன், எழுதுவது எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 5 நிமிடம். ஒரு சுற்றுக்கு 200 நிமிடம். விதிப்படி 4 பேர் இருந்தால் ஆளுக்கு 50 நிமிடம். இரவில் இருவர் மட்டுமே இருந்தால் ஆளுக்கு 100 நிமிடம், அதாவது ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 4 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்றால் இரவின் ஐந்தில் இரண்டு பங்கு அதிலேயே போய்விடும். ஊசி, டிரிப் மாற்றுதல், புதிதாக வந்து சேரும் நோயாளி, டெங்கு நோயாளிகளுக்கு இடையில் எடுக்க வேண்டிய கூடுதல் அளவுகள் எல்லாம் மீதி நேரத்துக்குள். எதையாவது விட்டால்தான் இரவு முடியும். அழுத்தக் கருவியையும் வெப்பமானியையும் தவிர்க்க முடியாது. அவற்றின் எண்ணை ஊகித்து எழுதினால் காலையில் தெரிந்துவிடும். நாற்பது பேருக்கும் ஒரு நிமிடம் நின்று எண்ண வேண்டிய மூச்சை எண்ணாமல் விட்டால் 40 நிமிடம் மிச்சம். அந்தப் பத்தியில் 20 என்று எழுதப்படுவது அப்படித்தான்.